சப்பாத்தோடு உள்ளே வந்த பிள்ளை

போன மாதம் சுவிஸில், பாடனில் இருக்கும் என் வீட்டுக்கு இளம் உளவியலாளர்கள் நீங்கள் சிலர் வந்திருந்தீர்கள். கையில் மடிக்கணினி, கழுத்தில் கம்பளிச் சால்வை, வாயில் பாதி ஜெர்மன், பாதி தமிழ். "அன்ரி, அகதிப் பிள்ளையளை மதிப்பிட எந்தக் கேள்விக்கொத்து நல்லது?" என்று கேட்டீர்கள். நான் தேநீரை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டேன். அன்ரிக்கு வயது போய்விட்டது, மறந்துவிட்டா என்று நினைத்தீர்கள். அது உங்கள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. முகம் பார்த்துச் சம்பளம் வாங்கியவளிடம் முகத்தை மறைக்கப் பழகிக்கொண்டு வரவேண்டாமா?

கேள்விக்கொத்துகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவற்றில் வகுப்பெடுக்க நான் வரவில்லை. நான் சொல்லப்போவது வாசலைப் பற்றி. சிரிக்காதீர்கள், முழுவதும் கேளுங்கள்.

வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு குடும்பத்தின் புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு அவர்கள் மேன்முறையீடு செய்யும்போது, சில வேளைகளில் சட்டத்தரணி பிள்ளையின் உடலையும் மனதையும் பற்றி ஓர் அறிக்கை கேட்பார். உடலைக் குழந்தை வைத்தியர் பார்ப்பார். மனதை நாங்கள் பார்ப்போம். முடிவெடுப்பது நீதிபதிகள். அவர்கள் அந்தப் பிள்ளையை ஒருநாளும் நேரில் காணப்போவதில்லை. நாங்கள் எழுதிய பிள்ளையைத்தான் காண்பார்கள். எங்கள் வேலையில் எனக்குப் பயம் தந்தது இந்த ஒன்றுதான்.

நான் வைத்தியரல்ல, உளவியலாளர். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சுத்தமான அறையில் கதிரை போட்டு இருப்பவர் எல்லோரும் டொக்டர்தான். "நான் டொக்டர் இல்லை" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "பரவாயில்லை டொக்டர்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

என் அறையில் வெளிர் நிறக் கம்பளம் ஒன்று விரித்திருந்தேன். அதன் மேல் எனக்கிருந்த பாசம் ஊரறிந்தது. வாசலில் ஒரு கூடை நிறையத் துணிச்செருப்பு வைத்து, வருகிறவர்களைச் சப்பாத்தைக் கழற்றவைப்பேன். சுவிஸ் சகாக்கள் கூட்டத்துக்கு வந்தால் அவர்களுக்கும் அதே சட்டம். என் மேலதிகாரியின் பெருவிரல் சொக்ஸுக்கு வெளியே எட்டிப்பார்த்ததை அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் கண்டோம். பிள்ளைகளுக்கு மட்டும் சட்டமில்லை. பயந்துபோய் வரும் பிள்ளையிடம் முதல் சொல்லாகச் "சப்பாத்தைக் கழற்று" என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் சொல்லத் தேவையும் இருந்ததில்லை. தமிழ்த் தாய்மார் படியேறும்போதே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு ஆரணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைக் கேட்டு நச்சரிக்கவேண்டாம். எட்டு வயது. தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்து ஆட்கள். மூவரும் ஓர் அகதி முகாமில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அவர்களுக்கு முதல் முடிவு வந்துவிட்டிருந்தது. எங்கள் ஆட்கள் சொல்வதுபோல், "நெகட்டிவ்." பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறாள், எங்கு போனாலும் பழகிக்கொள்வாள், ஆகவே குடும்பத்தைத் திருப்பி அனுப்பத் தடையில்லை என்று அதில் இருந்தது. ஆரணியின் ஆசிரியை மட்டும் சட்டத்தரணியிடம் வேறு கதை சொல்லியிருந்தார். பிள்ளை வகுப்பில் யன்னலையே பார்த்தபடி இருக்கிறாள், வாய் திறப்பதில்லை, வகுப்பு ஒழுங்குக்கு அடங்குவதில்லை என்று.

சட்டத்தரணி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மேன்முறையீட்டுக் கெடு நெருங்கிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நீயும் எழுதினால் என் கையில் வேறெதுவும் இல்லை" என்றாள். அவள் எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவள். அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும், அன்றைக்குத் தவிர.

குடும்பம் நேரத்துக்கு முன்பே வந்து படியில் நின்றது. தகப்பன் அழுத்தி மடித்த காற்சட்டையில், தாய் கோவிலுக்குப் போகிற சேலையில், ஆரணி பட்டுப் பாவாடையில், இரட்டைப் பின்னலில், நெற்றியில் பொட்டோடு. படம் எடுக்கிற கடைக்கு வந்தவர்கள் வழிதவறி என்னிடம் வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். தாயின் கையில் ஒரு பெட்டி நிறைய, எண்ணெயில் பொரித்த பற்றிஸ். தகப்பனின் கையில் ஆரணி வாங்கிய சான்றிதழ்கள் அத்தனையும். நீச்சல், சித்திரம், முகாமில் நடந்த சாக்கோட்டம் உட்பட.

"டொக்டர், பிள்ளை நல்ல கெட்டிக்காரி. எதைக் கேட்டாலும் சொல்லுவாள். கேளுங்கோ" என்றார் தகப்பன்.

கேட்டேன்.

"ஆரணி, நித்திரை…"

"நல்லாக் கொள்ளுவன்."

"சாப்பாடு…"

"எல்லாம் சாப்பிடுவன். சீஸும் சாப்பிடுவன்."

சீஸைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பிள்ளை சொல்லச் சொல்லப் பின்னால் தாயின் உதடுகளும் சேர்ந்து அசைந்தன. படம் கீறச் சொன்னேன். ஒரு வீடு, சிரிக்கிற சூரியன், பனி மூடிய மலை, கூரையில் சிவப்புக் கொடி, வெள்ளைச் சிலுவை. மூலையில் ஒரு பசுமாடு. தூதரகத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கவிடலாம்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு எதைக் கொடுத்தாலும் அதைப் பரீட்சையாக்கிப் பாஸ் பண்ணாமல் விடமாட்டார்கள். கண் பரிசோதனைக்குப் போகமுன் எழுத்துப் பலகையைப் பாடமாக்கிக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும். என் சொந்த மைத்துனர்தான். இந்தத் தகப்பன் மன நல மதிப்பீட்டுக்கு ஒரு கிழமையாக வீட்டில் ரியூஷன் நடத்திவிட்டு வந்திருந்தார். சிரிப்பு வந்ததுதான். ஆனால் பிள்ளை பாஸானால் குடும்பம் திரும்பிப் போகவேண்டும். அவர்களைக் காப்பாற்றக் கூடிய ஒரே இடத்துக்கு வந்து, ஒன்றுமே இல்லை என்று அழகாக நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து, "பிள்ளைக்கு வருத்தம், நோய் ஏதும் இருந்தால்தான் உங்களுக்கு நல்லது" என்று சொல்லவும் முடியாது. சொன்ன அந்த நிமிடமே என் அறிக்கை குப்பைக்குப் போய்விடும். போகவும் வேண்டும்.

சந்திப்பு முடிந்தது. எழுதிய தாளில் ஒரு பிரயோசனமும் இல்லை. தாய் எழும்பும்போது கதிரையில் கிடந்த பென்சில் தூளைக் கையால் வழித்துத் தன் கைப்பையில் போட்டாள். அவ்வளவு துப்புரவு. பிறகு வாசலில் தாயும் தகப்பனும் குனிந்து சப்பாத்து மாட்டினார்கள். ஆரணி ஏற்கெனவே படியில் நின்றாள். அவளுக்கு மாட்ட எதுவும் இருக்கவில்லை. வந்ததிலிருந்து அவள் அதைக் கழற்றவே இல்லை.

பிள்ளை சப்பாத்தோடு கம்பளத்தில் நடந்ததை அவர்கள் வந்தபோதே நான் கண்டேன். அது பெரிதல்ல. பென்சில் தூளுக்குக் கதிரை துடைத்த யாழ்ப்பாணத்துத் தாய், பட்டுப் பாவாடைக்குக் கீழே ஊத்தைச் சப்பாத்தோடு பிள்ளை அடுத்தவர் கம்பளத்தில் ஏறியதைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லும் ஏசாமல் இருந்தாள். முழுச் சந்திப்பும் ஏசவில்லை. கண்ணால்கூட ஏசவில்லை. இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு தாயைக் கண்டதில்லை. உங்கள் கேள்விக்கொத்தில் இதற்கு ஒரு கட்டம் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

"கொஞ்சம் இருங்கோ. கொண்டுவந்த பற்றிஸைத் தின்னாமல் போறதோ?" என்று கேட்டேன். குடும்பங்களிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது விதி. கூட இருந்து தின்னக்கூடாது என்று விதியில் இல்லை. குறைந்தபட்சம் நான் அதை அப்படித்தான் வாசித்தேன். கழற்றிய சப்பாத்தை மாட்டியவர்கள் மாட்டிய சப்பாத்தைத் திரும்பக் கழற்றினார்கள். தேநீர் வைத்தேன். ஆரணி ஒரு பற்றிஸை இரண்டு கையாலும் பிடித்துத் தின்னத் தொடங்கினாள்.

"தங்கச்சி, பிள்ளை சப்பாத்தோடை உள்ளுக்கு வந்தவள். நீங்கள் ஏசேல்லை" என்றேன் தாயிடம்.

தாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். தகப்பன் முந்திக்கொண்டார். "புதுச் சப்பாத்து டொக்டர். அதுதான் கழட்ட விருப்பமில்லை."

நான் சப்பாத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முன்பக்கம் தேய்ந்து, ஒரு பக்கத் தையல் விட்டு, நாடா முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கிடந்தது.

"கழட்டினால் கத்துவாள் அக்கா" என்றாள் தாய். அழத் தொடங்கிவிட்டாள். "படுக்கேக்கையும் போட்டபடிதான். குளிக்கேக்கை மட்டும் கழட்டுவாள். அதுவும் கையிலை வைச்சிருப்பாள்."

"ஏன் இப்ப இதையெல்லாம் சொல்லுறீர்?" என்று தகப்பன் மெதுவாகக் கேட்டார். கோபமில்லை, பயம்.

அப்போது ஆரணி, வாயில் பற்றிஸோடு, தானாகவே சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுக்காத முதல் வசனம் அது.

"நினோ சொக்ஸோடை போனவள்."

நினோ முகாமில் பக்கத்து அறைப் பிள்ளை, ஜோர்ஜியா நாட்டவள், ஆரணிக்கு இருந்த ஒரே சிநேகிதி. ஒரு விடியக்காலமை பொலிஸ் வந்து அந்தக் குடும்பத்தை விமானத்துக்குக் கொண்டுபோனது. முகாமில் எல்லோரும் சப்பாத்தை அறைக்கு வெளியே கழற்றி வைப்பது வழக்கம். அந்த அவசரத்தில் நினோவின் சப்பாத்து வெளியிலேயே கிடந்துவிட்டது. கதவிடுக்கால் ஆரணி பார்த்திருக்கிறாள்.

"அவளின்ரை சப்பாத்து கனநாள் அங்கையே கிடந்தது. நான் பாத்தனான்" என்றாள் ஆரணி. பிறகு என்னிடம் மிகவும் பொறுப்பாக விளக்கினாள். "எங்களையும் கொண்டுபோக வருவினம். நான் போட்டுக்கொண்டு நிண்டால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எடுத்துக் குடுக்க நேரமிருக்கும்."

எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு இரவும் குடும்பத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள், சப்பாத்து மாட்டிக்கொண்டு.

ஆனால் தகப்பனுக்கு இன்னும் பயம் போகவில்லை. "எழுதாதேங்கோ டொக்டர். வருத்தக்காரப் பிள்ளை எண்டால் உடனை அனுப்பிப்போடுவினம். நல்ல குடும்பமெண்டால்தான் வைச்சிருப்பினம்."

"ஆர் சொன்னது?"

"காம்பிலை ஒரு அண்ணை."

"அந்த அண்ணைக்கு என்ன முடிவு வந்தது?"

"அவருக்கும் நெகட்டிவ்தான்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. தாய் அழுதுகொண்டிருந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

தாயின் கவலை வேறு. "நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேசேக்கை, மூளை வருத்தம் எண்டு பேப்பரிலை கிடந்தால்?" பிள்ளையின் முன்பல் ஒன்று இன்னும் முளைக்கவில்லை, தாய் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தாள். அறிக்கையைச் சட்டத்தரணியும் நீதிமன்றமும் தவிர வேறு ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் சுவிஸ் நீதிமன்றக் கோப்பைத் தேடிக்கொண்டு போகமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் அதை முழுதாக நம்பவில்லை. எங்கள் ஆட்களை அவளுக்கும் தெரியும்தானே. ஆனால் ஆரணியைப் பார்த்துவிட்டு, "எழுதுங்கோ அக்கா" என்றாள்.

அன்று பின்னேரமே ஆரணியின் உடலைப் பரிசோதித்த குழந்தை வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். பேர்ண் பக்கத்து மனிதர். ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் கேட்பவர் சமைத்துவிடலாம். "கால்விரல்களுக்கிடையில் புண். களிம்பு கொடுத்தேன்" என்றார். பிறகு நீண்ட இடைவெளி. தொலைபேசி அறுந்துவிட்டதென்று நினைத்தேன். "இப்போது நினைவு வருகிறது. நான் காலைப் பார்த்து முடியும்வரை சப்பாத்தை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள்." ஆசிரியைக்கும் எடுத்தேன். எந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை என்று கேட்டேன். "பிங்கன்" என்றார். பள்ளிக்கூடத்துக்குள் போடுகிற துணிச்செருப்பு, உங்களுக்குத் தெரியும், நீங்களும் போட்டு வளர்ந்தவர்கள்தானே. எல்லாப் பிள்ளைகளும் மாற்றுவார்கள், ஆரணி மாற்றமாட்டாள். அடம் என்று விட்டுவிட்டார்களாம். ஆளுக்கொரு துண்டைக் கண்டிருந்தோம், ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.

இந்த இடத்தோடு கதை நல்லபடி முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் தகப்பன்மாரை அறியாதவர்கள்.

இரண்டாம் சந்திப்புக்கு ஆரணி தலை வாராமல் வந்தாள். பொட்டில்லை, பின்னலில்லை, சட்டையில் ஒரு பொத்தான் குறைவு. தகப்பனும் சவரம் செய்யவில்லை. பாடத்திட்டம் மாறிவிட்டது என்று அறிந்து புதிய ரியூஷன் நடந்திருந்தது.

"டொக்டர், பிள்ளை ஒண்டும் சாப்பிடுறேல்லை" என்றார் தகப்பன். ஆரணி என் பிஸ்கற் தட்டில் மூன்றாவதைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை." ஆரணி வாயைத் துடைத்துவிட்டு, "அக்கா, உங்களிட்டைச் சொக்லேற் போட்டது இல்லையோ?" என்று கேட்டாள்.

தாய் தலையில் கைவைத்தாள். நான் சிரித்துவிட்டேன். நல்லவேளை, தகப்பனும் சிரித்தார். அந்த முகாமில் அவர் கடைசியாக எப்போது சிரித்தாரோ தெரியாது.

"அண்ணை, நான் கண்டதைத்தான் எழுதுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்றேன்.

"அது காணுமோ டொக்டர்?" என்றார். அது போதாவிட்டால் அவர்கள் போகவேண்டும். அதை நானும் அறிவேன், அவரும் அறிவார்.

சட்டத்தரணியும் என்னை விடவில்லை. வரைவைப் படித்துவிட்டு, "இதைவிடப் பலமான சொல் இல்லையா? சாப்பிடுவதில்லை என்று தகப்பனே சொல்கிறாராமே?" என்றாள். எழுத எனக்கும் ஆசைதான். ஒரு வரி கூட்டினால் ஒரு பிள்ளை தப்பும் என்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றும். ஆனால் பிஸ்கற் தின்ற பிள்ளையைச் சாப்பிடாத பிள்ளை என்று நான் எழுதி, பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையில் அவள் இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிறாள் என்று ஆசிரியை எழுதினால், நீதிபதி அந்தச் சப்பாத்தையும் நம்பமாட்டார். சப்பாத்து ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

சப்பாத்தை எழுதினேன், கால்விரல் புண்ணை எழுதினேன், பிங்கனை எழுதினேன், நினோவை ஆரணி சொன்ன அதே சொற்களில் எழுதினேன். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றும் எழுதினேன். இந்தப் பயத்தோடு ஒரு விடியக்காலமை அவளைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று என் அறிவுக்கு எட்டியவரை எழுதினேன். கடைசியாக, தாய் ஏசவில்லை என்பதையும் எழுதினேன். "இதுவும் ஒரு மருத்துவக் கண்டறிதலா?" என்று சட்டத்தரணி கேட்டாள். "எங்கள் ஆட்களில் அதுதான் முதல் கண்டறிதல்" என்றேன். இந்த வழக்கம் என்ன, அந்த மௌனம் ஏன் சாதாரணமல்ல என்று அரைப்பக்கம் விளக்கினேன். அவள் முணுமுணுத்தாள், ஆனால் வெட்டவில்லை.

பிறகு காத்திருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காத்திருப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான்.

முடிவு வந்தது. குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதில்லை, தற்காலிக அனுமதி, எங்கள் ஆட்கள் 'எஃப்' என்று சொல்வது. அது யாரால் கிடைத்தது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. சட்டத்தரணி தன் வாதத்தால் என்றாள். தகப்பன் முருகன் கோவிலில் வைத்த நேர்த்தியால் என்றார். பேர்ண் வைத்தியர் இன்னும் தன் கருத்தைச் சொல்லி முடிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அறிக்கை எழுதியவர் வெற்றியில் பங்கு கேட்கத் தொடங்கினால், அடுத்த அறிக்கையில் கை தானாகவே கொஞ்சம் கூட்டி எழுதும்.

ஆரணி தொடர்ந்து என்னிடம் வந்துகொண்டிருந்தாள். சப்பாத்து உடனே கழன்றது என்று நினைக்கவேண்டாம். முகாமைவிட்டுச் சிறிய வீடொன்றுக்குப் போனார்கள். அங்கும் கனநாள் சப்பாத்தோடுதான் படுத்தாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். பிறகு கதவடியில் வைக்கலாமா என்று தகப்பனிடம் தானே கேட்டாளாம். என் அறை வாசலிலும் ஒருநாள் கழற்றினாள், சோடியாக, நாடாவை உள்ளே மடித்து, நுனியை வெளிவாசலைப் பார்க்க வைத்து. வைத்துவிட்டு அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். அப்படியே பல சந்திப்புகள். கழற்றுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஓடத் தயாராக வைத்த அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒருநாள். வெளியே மழை. படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்ததும் ஆரணி என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "அக்கா, டொய்லெற்!" சேறும் சகதியுமான சப்பாத்தோடு என் வெளிர் நிறக் கம்பளத்தைக் குறுக்கே கடந்து, கழிப்பறைக் கதவடியில் இரண்டையும் உதறி எறிந்தாள். ஒன்று சுவரோரம், மற்றது கவிழ்ந்து கதிரைக்குக் கீழே. கதவு சாத்திக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழேயிருந்து தாய் மூச்சு வாங்க ஏறிவந்தாள். கம்பளத்தைக் கண்டாள்.

"எடியே! சப்பாத்தோடையே உள்ளுக்குப் போனனீ? என்ன பழக்கமடி இது? ஆக்களின்ரை இடமெண்டு தெரியாதோ? டொக்டர் என்ன நினைப்பா? வெளியிலை வா, இண்டைக்கு உனக்கு இருக்கு!"

"அவசரமம்மா!" என்று உள்ளேயிருந்து ஆரணி கத்தினாள்.

"அவசரமோ? வளந்த பிள்ளைக்குச் சப்பாத்துக் கழட்ட நேரமில்லையோ?"

என் கம்பளம் அன்றோடு போய்விட்டது. தாய் குனிந்து துடைத்துக்கொண்டே ஏசினாள், ஏசிக்கொண்டே துடைத்தாள். பரவாயில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்ட வாசலில் சாய்ந்து நின்று, அந்த ஏச்சு முழுவதையும் கேட்டேன்.